தோளில் தட்டிய சத்தம்

எங்கள் தெருவில் எந்த வண்டி இருமினாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் மெக்கானிக் இல்லை. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் ஹாம்மர் ஷாப்பில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை லாரிகளுக்கான உதிரிப் பாகங்களாக அடித்து எடுக்கும் இடத்தில், ஓய்வு பெறும்வரை நின்றவன். ஆனாலும் சத்தத்தை வைத்தே வண்டியின் நோயைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பேன். அப்போது கண்ணை மூடிக்கொள்வேன். மூட வேண்டிய அவசியமே இல்லை. சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு மரியாதை வரட்டுமே என்றுதான்.

என்னுடைய வண்டி ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள். என்னைவிடச் சில வயதுதான் இளையது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிடுவார்கள், அதனால் யாருக்கும் ஓட்டக் கொடுப்பதில்லை என்று சொல்லிக்கொள்வேன். அந்தக் காரணம் இல்லாவிட்டாலும் கொடுக்கமாட்டேன். கடற்கரைக் காற்றில் மட்கார்டு இரண்டு முறை துருப்பிடித்து மாற்றியாகிவிட்டது, சைலன்சரும் போய்ப் புதிது வந்துவிட்டது. ஆனால் எஞ்சினின் அடிப்பாகத்தை மட்டும் யாரும் பிரித்ததில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம்.

என் மனைவி ராயபுரத்தில் பிறந்தவள். அவள் வீட்டார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பருப்பு மொத்தக் கடை வைத்தவர்கள். அதனால் எங்கள் வீட்டில் அவள் பேசுவது தெற்கத்திப் பேச்சு, நான் பேசுவது மெட்ராஸ் பாஷை. இத்தனை வருடத்தில் இரண்டு பேருமே ஓர் எழுத்துகூட விட்டுக்கொடுக்கவில்லை. அவள் பிறந்த தெருவுக்குப் பக்கத்து மாதா கோயிலில் இன்றைக்கும் பாடற்குழுவில் இருக்கிறாள். எல்லோரும் மேலே பாடும்போது கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொள்ளும் இரண்டாம் குரல் அவளுடையது. ஞாயிறு காலை முதல் பூசைக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவேன். அவள் உள்ளே, நான் எதிரே டீக்கடையில். பூசை முடிந்ததும் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு, கடலோரமாகவே வீடு திரும்புவோம். வாரம் முழுக்க நான் காத்திருப்பது இந்த ஒரு சவாரிக்காகத்தான்.

அந்தச் சாலையில் வாயால் பேச முடியாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு நிற்கும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் பின்னாலிருந்து ஏதோ கத்தினாள். நான் "இன்னா? இன்னா?" என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அவளுடைய ஒரு செருப்பு தண்டையார்பேட்டையிலேயே விழுந்துவிட்டது என்று. அன்றைக்கு ஹாம்மர் ஷாப் பழக்கத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அங்கேயும் பேச்சு எடுபடாது, பின்னால் நிற்பவன் தோளில் தட்டித்தான் சொல்வான். ஒரு தட்டு என்றால் அடி, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. எங்களுக்கு ஒரு தட்டு என்றால் போ, இரண்டு என்றால் நில். அதற்குப் பிறகு செருப்பு எதுவும் தொலையவில்லை.

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவள் அவள்தான். மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தோளில் இரண்டு தட்டு விழுந்தது. ஓரமாக நிறுத்தினேன்.

"ஏங்க, வண்டியில என்னமோ டிக்கு டிக்குன்னு சத்தம் வருதுல்லா? கேக்கலியா ஒங்களுக்கு?"

"கன்டெய்னர் சத்தம்மே. பேஜார் பண்ணாம குந்திக்கினு வா."

அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் அதே இரண்டு தட்டு. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டேன். எப்போதும் வரும் தொம் தொம்தான் வந்தது, வேறொன்றும் இல்லை. "உன் காதுலதான் டிக்கு டிக்கு" என்றேன். அவள் பதில் சொல்லாமல் மீன் சட்டியைக் கழுவப் போனாள். பதில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

எரிச்சலுக்கு அடியில் இருந்தது பயம். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று அவள் அறையிலிருந்து கேட்டால், நான் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்ல ஆரம்பித்து வெகு நாளாகியிருந்தது. போனில் பேரப்பிள்ளை என்ன சொன்னாலும் "ஆமாண்டா கண்ணு" என்பேன். ஒரு தடவை அவன் "தாத்தா, நீ தூங்கிட்டியா?" என்று கேட்டதற்கும் அதே பதிலைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. சம்மட்டி, பிரஸ், கப்பல் துரு தட்டுவது, படகு எஞ்சின் என்று எதிலாவது ஒன்றில் காலம் தள்ளிய ஆண்கள், ஒரு வயதுக்கு மேல் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் தெருவில் சண்டை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் மற்றவர்கள் காது போனால் போகட்டும். சத்தத்தை வைத்தே பெயர் வாங்கிய எனக்குக் காது போனால் என்ன மிச்சம்? அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறும் அவள் தட்டியதும், என் தோஸ்து ஒருவனைக் கூப்பிட்டேன். காசிமேட்டுக்காரன். விசைப்படகில் எஞ்சின் டிரைவராக இருந்து கரையேறியவன். சாயங்காலம் வந்தான். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஸ்க்ரூடிரைவரை வாங்கி, எஞ்சினின் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் வைத்துக் கேட்டான். அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.

"மாமு, மேல ஒண்ணியும் இல்ல. கீய தட்டுது. பிக் எண்டு பூட்ச்சி."

"நெஜமாவா சொல்ற?"

"இன்னா நைனா, எவ்ளோ எஞ்சின் பாத்துகீறேன். அடிவயித்துலருந்து வர்து பாரு, தொம்மு தொம்முன்னு. தொறந்துடு."

அவன் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் கேட்டது.

பிஸ்டனிலிருந்து இறங்கும் தண்டு, கீழே சுழலும் கிராங்கைப் பிடித்திருக்கும் இடம்தான் பிக் எண்ட். அது தேய்ந்துவிட்டது என்றால், எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். எங்கள் வண்டிக்குச் சரியான உதிரி இப்போது கிடைப்பதில்லை. கிடைத்ததைப் போட்டுக் கட்டியவர்கள் மறுபடியும் மறுபடியும் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நகரத்தின் தெற்குப் பக்கத்தில் காபிக் கடை வைத்திருக்கும் ஒருவர் ரொம்ப நாளாக இந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லையாம். கடை நடுவே கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தி உள்ளே விளக்குப் போடுவாராம். கேட்டபோதெல்லாம் நான் சிரித்துவிட்டுப் போனை வைத்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அடிவயிறு போயிருந்தால் பிளந்து பார்த்து அவரிடமே கொடுத்துவிடுவது, அதோடு ஞாயிற்றுக்கிழமை சவாரியும் முடிந்தது என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு மதியம் சாமான்களோடு வருவதாகச் சொல்லிவிட்டுத் தோஸ்து போனான்.

என் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கேட்காமல் எப்படி இருக்க முடியும், நாங்கள் இரண்டு பேரும் பேசியது அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நான் சொன்ன சத்தம் அது இல்ல" என்றாள். "தொம்முன்னு இல்ல. டிக்குன்னு. கீழ இல்ல, மேல. ஆர்மோனியத்துல ஒரு கட்டை ஆடிச்சுன்னா, அமுக்கும்போதெல்லாம் சின்னதா ஒரு தட்டுத் தட்டும்லா, அதப் போல."

"அவன் டிரைவரு. அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெர்ஞ்சிடுச்சா?"

"ரெண்டு செவிட்டு டாக்டருமாச் சேந்து, நல்லா இருக்க வயித்தக் கிழிக்கப் போறீங்க."

செவிடு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "எனுக்குப் பசி இல்ல" என்று மாடிக்குப் போய், கடல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே இறா தொக்கு வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் தட்டோடு அவளே மேலே வந்தாள். கோபத்தை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல பூசை, டீ, மீன். காசிமேட்டிலிருந்து கிளம்பும்போது, இதுதான் கடைசிச் சவாரியோ என்று நினைத்தேன். வண்டி நன்றாகச் சூடாகியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் விரல் என் தோளில் விழுந்தது. ஒரு தட்டு, இரண்டு தட்டு. நிறுத்தச் சொல்கிறாள் என்று வேகத்தைக் குறைத்தேன். ஆனால் விரல் நிற்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று தட்டிக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்டுக்குள் வாயை நுழைக்காத குறையாக, "ஓட்டுங்க! நிப்பாட்டாதீங்க!" என்று கத்தினாள்.

அப்போதுதான் புரிந்தது. அவள் தட்டுவதுதான் அந்தச் சத்தம். வண்டி என்ன சொல்கிறதோ அதை அப்படியே என் தோளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆக்சிலேட்டரைத் திருகினால் விரல் வேகமாக ஓடியது, விட்டால் தளர்ந்தது. என் காதுக்கு வராத சத்தம் தோள் வழியாக வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் எதிரே வந்த மீன்பாடி வண்டிக்காரன் திட்டியதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. என்ன திட்டினான் என்பதும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இனி நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை. கிளட்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். விரல் மாறவில்லை, அப்படியென்றால் கியர் பெட்டி இல்லை. வீட்டுக்குத் திரும்பும் சாலையை விட்டு மேம்பாலத்தின் பக்கம் வண்டியைத் திருப்பினேன். டாப் கியரிலேயே வேண்டுமென்று மெதுவாக ஏற்றினேன். எஞ்சின் மூச்சு முட்டியது. அடிவயிற்றில் கோளாறு இருந்தால் இந்த ஏற்றத்தில் அடி கனமாக விழ வேண்டும். விரல் கனக்கவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். அது எனக்கே கேட்டது.

பாலம் இறங்கியதும் மூடிக் கிடந்த ஒரு குடோன் நிழலில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்காமல், அணைந்துவிடும் என்கிற எல்லைவரை வேகத்தை இறக்கினேன். இந்த மாதிரி வண்டிகளில் அப்படி இறக்கினால் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக விழும். அந்தத் தொம் எனக்குக் காதிலும் கேட்கும், உட்கார்ந்திருக்கும் இடத்திலும் தெரியும். அவளைத் தட்டச் சொன்னேன். பாடற்குழுவில் தாளம் பிடித்த விரல், ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒரு தொம்முக்கு ஒரு தட்டு. ஒரு தொம்முக்கு ஒரே ஒரு தட்டு!

ஒவ்வொரு வெடிப்புக்கும் கீழே கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும். மேலே வால்வைத் திறந்து மூடுகிற தண்டுகள் ஒரு தடவைதான் ஏறி இறங்கும். ஒரு தொம்முக்கு ஒரு தட்டு என்றால் பெரும்பாலும் வால்வுப் பக்கம்தான். அதுவும் சூடானால் மட்டும் வருகிறது. சூட்டில் அங்கே இடைவெளி கூடும். திரும்பி வரும் வழியில் மட்டும் அவளுக்கு ஏன் கேட்டது, ஆறிப்போன வண்டியை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு டாக்டர்களும் ஏன் ஏமாந்தோம் என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஒரு கையில் மீன் கூடை, ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், பட்டுப்புடவையோடு குனிந்து எஞ்சினின் ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டாள். வலது பக்கத்துச் சின்ன மூடியில் வைத்ததும் நிமிர்ந்தாள்.

"இங்கனதான் குடியிருக்கு."

அந்த மூடிக்கு உள்ளேதான் டேப்பட் இருக்கிறது. வால்வுத் தண்டுகளின் அடியில் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு திருகுகள். எஞ்சினைப் பிளக்கவே வேண்டாம். நான் நடுத்தெருவில் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டேன். "சீ, வயசுக்கு ஏத்த மாதிரி நடங்க" என்றாள். ஆனால் முகத்தில் வெற்றி தெரிந்தது.

மதியம் தோஸ்து பெரிய ஸ்பேனர் செட்டும், எஞ்சின் இறக்கக் கயிறுமாக வந்தான். நடந்ததைச் சொன்னால் நம்பவில்லை. "அண்ணி வெரல வெச்சா எஞ்சின் பாக்குற? இன்னா மாமு, கலாய்க்கிறியா?" என்றான். எஞ்சின் முழுசாக ஆறும்வரை மூன்று பேரும் மீன் குழம்பு சாப்பிட்டோம். பிறகு மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு தண்டு. விரலால் சுழற்றினால் தண்டு லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஒன்று சரியாக இருந்தது. இன்னொன்று பல் விழப்போகிற குழந்தையின் பல்லைப் போல ஆடியது. பூட்டு நட்டு தளர்ந்திருந்தது. இரண்டு ஸ்பேனரைப் போட்டு இடைவெளியைச் சரிசெய்து இறுக்கினேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

தோஸ்து தலையைச் சொறிந்தான். "அப்ப கீய தட்ச்சே, அது இன்னா?"

"அது ஒங்க காதுக்குள்ள இன்னும் ஓடிட்டு இருக்க படகு" என்றாள் அவள். அவன்தான் முதலில் சிரித்தான். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். நான் காபிக் கடைக்காரருக்குப் போன் போட்டு, விளக்கு வைக்க வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் என்று சரியாகக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் வண்டியைச் சோதித்துப் பார்க்க அவளை ஏற்றிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் போனேன். ஞாயிறு சாயங்காலம், லாரிகள் குறைவு. இடது பக்கம் புகைபோக்கிகள், வலது பக்கம் கடல், முகத்தில் உப்புக் காற்று. வண்டி சூடாகச் சூடாக என் கவனமெல்லாம் தோளிலேயே இருந்தது. அவள் கை அங்கேதான் இருந்தது. விரல் அசையவில்லை. எஞ்சினில் சத்தம் இல்லை! மனசு நிறைந்துவிட்டது.

"இன்னாமே, சத்தம் கீதா?" என்று கத்தினேன். பதில் இல்லை. ஒரு தட்டுகூட இல்லை. மறுபடி கத்தினேன். அதற்கும் இல்லை. தூங்கிவிட்டாளோ என்று பயந்து ஓரம் கட்டினேன்.

"கேக்குறேன், வாயத் தொறக்க மாட்டியா?"

"பாடிட்டு இருந்தேங்க" என்றாள். "பாட்ட பாதியில விடவேண்டாம்னு பாத்தேன்."

"பாடுனியா? வண்டிலயா?"

"இன்னைக்கா பாடுறேன்? கோயில்லருந்து திரும்பும்போதெல்லாம் பாடுவேன். காலையில பாடுனத மறுபடி ஒரு தடவ. அந்த டிக்கு டிக்கு என் தாளத்துக்குக் குறுக்க வந்துட்டே இருந்துச்சு. அதான் எனக்கு மொதல்ல தெரிஞ்சது."

"எவ்ளோ நாளா பாட்ற?"

"கல்யாணம் ஆனதுலருந்துதான். ஒங்களுக்குக் கேக்கும்னு நெனச்சேன். அப்புறம், கேக்கலைன்னு தெரிஞ்சுது. இருந்தாலும் பழகிப்போச்சு."

நான் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தேன். பின்னால் அரிசி மூட்டையை ஏற்றினாலும் ஒன்றுதான், உன்னை ஏற்றினாலும் ஒன்றுதான் என்று அவளை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கச்சேரி நடந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியட்டும் என்று துடைக்காமலேயே இருந்தேன்.

"நாளைக்கே காது டாக்டராண்ட போலாம்" என்றேன்.

"போவோம். இப்ப வண்டிய எடுங்க, பாட்டு பாதியில நிக்குது."

ஒரு தட்டு தட்டினாள். கிளம்பினேன். கொஞ்ச தூரம் போனதும் என் ஹெல்மெட்டின் பின்பக்கம் அவள் ஹெல்மெட் வந்து டொக்கென்று இடித்தது. இடித்தது விலகவில்லை, அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்ததும் இரும்பு வழியாக எஞ்சின் ஏறி வருமே, அப்படி அவளுடைய குரல் என் மண்டைக்குள் ஏறி வந்தது. வார்த்தை ஒன்றும் தெரியவில்லை. கீழ் ஸ்தாயியில் ஒரு ரீங்காரம், எஞ்சினின் தொம் தொம்முக்கு மேலே, தாளம் பிசகாமல் வந்துகொண்டிருந்தது.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் கண்ணை மூட முடியவில்லை.